ஈரமணலில் ஐந்து போர்டுகள்

என் அக்காவின் கணவரைப் போல போர்டுக்குக் கட்டுப்பட்ட ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. ஒருமுறை கண் ஆஸ்பத்திரிக்கு அவரைத் தனியாக அனுப்பிவிட்டோம். காலை ஒன்பது மணிக்குப் போனவர் மாலை ஐந்தாகியும் வரவில்லை. நான் தேடிக்கொண்டு போனபோது வராந்தாவின் கடைசி பெஞ்சில், மடியில் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். டாக்டர் மத்தியானமே கிளம்பிவிட்டிருந்தார். கூட்டுகிற பெண் அவர் காலைத் தூக்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே போய்க் கேட்டிருக்கலாமே மாமா என்றேன். சுவரைக் காட்டினார். 'அழைக்கும் வரை அமர்ந்திருக்கவும்' என்று எழுதியிருந்தது. யாரும் அழைக்கவில்லையாம். அதோடு விட்டாரா என்றால் இல்லை. அந்த 'அ' வலது பக்கம் சாய்ந்திருக்கிறது, நூல் பிடிக்காமல் எழுதியிருக்கிறார்கள் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டு வந்தார்.

மாமாவுக்கு தேசிய வனத்தில் போர்டு எழுதுகிற வேலை. ஆபீஸில் பேர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. 'போர்டுக்காரர்' என்றால் ரேஞ்சரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். காட்டுக்குள் எந்தப் பாதையில் திரும்பினாலும் அவர் எழுத்துதான் நம்மை நிறுத்தும். 'அருவிக்கு வழி', 'மான்கள் கடக்கும் இடம்', 'தீ மூட்டாதீர்கள்'. தகரத்துக்குப் பச்சை அடித்துக் காய வைப்பார். சாக்பீஸ் பொடி தடவிய நூலை இழுத்துச் சுண்டி மேலும் கீழும் கோடு போடுவார். எழுத்துகளை விரல் விட்டு எண்ணி, நடு எழுத்தில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டே போவார். பாதி வேலையில் பார்த்தால் ஒரு மண்ணும் புரியாது. முடித்த பிறகு ஒரு நூலளவு பிசகு இருக்காது.

நான் அதே வனத்தில் ஜீப் ஓட்டுகிறேன். கேட்டில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் மாமாதான். அக்கா கணவர் என்கிற முறைக்கு ஒரு பங்கு, வேலை வாங்கிக் கொடுத்ததற்கு ஒரு பங்கு என்று அவரைக் கிண்டல் செய்ய எனக்கு இரட்டை உரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிண்டலுக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. போர்டில் எழுதிவிட்டால் ஜனங்கள் கேட்பார்கள் என்று அந்த மனிதர் நிஜமாகவே நம்பினார். 'தீ மூட்டாதீர்கள்' போர்டுக்கு நேர் கீழே கல்லைக் கூட்டி யாரோ சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போன சாம்பலை ஒருநாள் காட்டினேன். குனிந்து சாம்பலைப் பார்த்தார். நிமிர்ந்து போர்டைப் பார்த்தார். 'தீ' கொஞ்சம் மங்கிவிட்டது, அதனால்தான் என்றார். மறுநாளே பெயிண்ட் டப்பாவோடு போய் புதுசாக எழுதிவிட்டு வந்தார்.

ஆபீஸுக்குப் பின்னால் வரிசை வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. இரண்டே அறை. முன்னறையில் எந்நேரமும் நாலைந்து போர்டுகள் சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருக்கும். அதற்கு எதிரில் அக்காவின் தையல் மிஷின். வனக் காவலர்களுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பாள். அந்த வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் டர்பன்டைன் வாசனை வரும், அப்புறம் புதுத்துணி வாசனை வரும், அதற்கெல்லாம் பிறகுதான் அடுப்பில் என்ன இருக்கிறது என்பது தெரியும். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் யாரிடமும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அவர்களுக்கென்று ஒரு இடம் இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பெரிய பாதையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே ஓடை ஒன்று வளைந்து போகும். வளைவின் உள்பக்கம் பத்து பன்னிரண்டு அடி அகலத்துக்கு மணல். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறுகிற மூன்று வாரம் அந்த மணல் சொதசொதவென்று இல்லாமல், உலர்ந்தும் போகாமல், கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். அப்போது பட்டாம்பூச்சிகள் வரும். ஒன்று இரண்டு என்று நினைத்துவிட வேண்டாம். மணல் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள் எல்லாம் ஒரு கூட்டமாக, வெள்ளை எல்லாம் ஒரு கூட்டமாக, இறக்கையில் நீலப்பட்டை போட்ட பெரிய கறுப்பு எல்லாம் தண்ணீரை ஒட்டி ஒரு கூட்டமாக, அதது அதன் சாதிசனத்தோடு உட்கார்ந்து மணலில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். இறக்கைகள் மட்டும் திறந்து மூடும். சத்தமே இருக்காது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், எல்லைக் கல்லுக்கு நம்பர் எழுதப் போனபோது வழி தவறி மாமா அதைப் பார்த்திருக்கிறார். நம்பர் எழுதாமலே வீட்டுக்கு வந்து, மிஷினில் உட்கார்ந்திருந்த அக்காவை அப்படியே கிளப்பிக்கொண்டு போயிருக்கிறார். அதிலிருந்து வருஷா வருஷம் அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள் இரண்டு பேரும் சாப்பாடு கட்டிக்கொண்டு போவார்கள். பாறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெயில் சாய்ந்ததும் திரும்பிவிடுவார்கள். அவர்கள் அதை 'ஈரமணல்' என்பார்கள். ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. காதும் காதும் வைத்த மாதிரி பதினான்கு வருஷம் வைத்திருந்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தபோது முகத்துக்கு நேரே ஒரு கொசு பறந்தது. பளாரென்று இரண்டு கையாலும் அடித்தேன். அவ்வளவுதான். மணல் முழுக்க ஒரே நொடியில் எழும்பிவிட்டது. உதறிய போர்வை மாதிரி எங்கள் தலைக்கு மேலே மஞ்சளும் வெள்ளையும் நீலமுமாக விரிந்தது. அக்காவின் முகத்தில் அந்த நிழல்கள் ஓடியதை இப்போதும் என்னால் சொல்ல முடியும். நான் சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன். அவை திரும்ப வந்து உட்கார அரைமணி நேரம் ஆயிற்று. பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பிவிட்டவனைப் பார்ப்பது போல மாமா என்னைப் பார்த்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், சரியாக அந்த மூன்று வாரத்தில், மலையேற வந்த கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் பாட்டுப்பெட்டியை அலறவிட்டுக்கொண்டு பெரிய பாதையில் போனார்கள். ஈரமணலுக்கும் அவர்களுக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டர் காடு இருந்தது. ஆனாலும் மாமாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு அங்கே போகிறவர்கள் நாளைக்கு இங்கே வந்தால் என்ன செய்வது என்று அதையே புலம்பிக்கொண்டிருந்தார். என்ன செய்வார்? அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். மீந்துபோன தகரம் ஒன்றை எடுத்துப் பச்சை அடித்தார்.

நான் போனபோது நடுவில் 'ம் போ' வரைக்கும் எழுதியிருந்தார். அக்கா மிஷினை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, வேணாங்க. அங்க ஒண்ணு இருக்குதுன்னு நீங்களே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"எதையும் சொல்லலையே. சத்தம் போடாதீங்கன்னு மட்டும்தான் எழுதறேன்."

"சத்தம் போடாதீங்கன்னா, எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?"

"எழுதியிருந்தா கேப்பாங்க," என்றார் மாமா. சொன்னதைக் கேட்பார்கள் என்ற அர்த்தத்தில் சொன்னார். நான் அக்கா பக்கம் நின்றிருக்க வேண்டும். நடுக்காட்டில் லைப்ரரி திறக்கப் போகிறாரா மாமா என்று ஒரு கிண்டலை அடித்துவிட்டு, போர்டை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், குழி தோண்டி நட்டுவிட்டு வந்தேன். பெரிய பாதையிலிருந்து ஓடைக்குப் பிரிகிற இடத்தில், 'இங்கே சத்தம் போடாதீர்கள்'.

அதுவரைக்கும் அந்த இடத்தில் ஒருவர்கூட நின்றதில்லை. பாதை பிரிவதே தெரியாது, அப்படிப் புதர் மூடியிருக்கும். இப்போது வந்தவர்கள் எல்லாம் நின்றார்கள். எதற்குச் சத்தம் போடக் கூடாது? சிறுத்தை இருக்கிறதா, பறவை முட்டை வைத்திருக்கிறதா? விரலை வாயில் வைத்துக்கொண்டு, பூனை நடை நடந்து, புதரை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பத்து நாளில் புல் படுத்துவிட்டது. இருபது நாளில் ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது.

மாமா அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது போர்டு வைத்தார். 'ஓடைக்கு வழி இல்லை.' ஓடை ஒன்று இருக்கிறதே தெரியாமல் வந்தவர்களுக்கு அது தெரிந்துபோயிற்று. நல்ல வெயில் காலம் வேறு. அந்த வருஷம் ஈரமணலுக்கு நூறு பேராவது வந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தி எடுத்த போட்டோ எங்கெங்கோ போயிற்று.

அடுத்த வருஷம் மூன்றாவது போர்டு, 'பட்டாம்பூச்சிகளைத் தொடாதீர்கள்'. தொட்டுப் பார்த்தவர்கள் விரலில் ஒட்டிய பொடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனார்கள். பிறகு நாலாவது போர்டு. அதற்கு மூலம் நான்தான். என் கொசு ஞாபகத்துக்கு வந்து, வேறு யாராவது அப்படிச் செய்துவிடப் போகிறார்கள் என்ற பயத்தில் மாமா முன்கூட்டியே எழுதி வைத்தார். 'கை தட்டாதீர்கள்.'

அதுவரைக்கும் ஒருவருக்கும் கை தட்டுகிற யோசனையே வரவில்லை. வந்தார்கள், பார்த்தார்கள், சிலபேர் தொட்டார்கள், போனார்கள். அந்தப் போர்டு வைத்த அன்று மத்தியானமே ஒரு ஆள் சத்தம்போட்டுப் படித்தான். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். தட்டினான். போர்வை எழும்பியது. எல்லாரும் ஓவென்று கூவினார்கள். அவ்வளவுதான், அன்றிலிருந்து ஈரமணலுக்கு வருகிறவர்கள் கை தட்டுவதற்காகவே வந்தார்கள். ஒரு கூட்டம் தட்டிவிட்டுப் போகும். பூச்சிகள் பயந்து பயந்து இறங்கும். உட்கார்ந்து ஒரு வாய் உறிஞ்சுவதற்குள் அடுத்த கூட்டம் வந்து தட்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே கூத்துதான். மாமா போர்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். வருகிறவர்களிடம் வாயால் சொல்லலாம் அல்லவா? சொல்ல மாட்டார். விரலை நீட்டிப் போர்டைக் காட்டுவார். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுத் தட்டுவார்கள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அந்த ஜனங்கள் மேலா மாமா மேலா என்று கேட்டால் இன்றைக்கும் பதில் தெரியாது. நான் மட்டும் என்ன யோக்கியம்? தினமும் மூன்று நடை ஈரமணலுக்குத்தான் ஓட்டினேன். முன்சீட்டுக்காரர் அங்கே என்ன விசேஷம் என்று கேட்டால், கை தட்டினால் கிளம்பும் சார் என்று நானே சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். மறுநாள் மறுபடியும் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் வருஷம் புது ரேஞ்சர் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. காட்டை நாலு பேர் பார்க்க வேண்டும், பார்த்தால்தான் அதன் அருமை தெரியும் என்பார். அவர் சொல்வதில் தப்பும் இல்லை. ஈரமணலுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பெரிய பாதையில் பஸ் நிற்க இடம் வெட்டினார். ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார். இதற்கெல்லாம் ஆரம்பம் யார் என்று விசாரித்து, வருஷக் கூட்டத்தில் மாமாவை மேடைக்குக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் பாராட்டுக் கடிதம் கொடுத்தார். உங்கள் போர்டு இல்லாவிட்டால் இந்த அதிசயம் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு இறங்கி வந்து, மேடையின் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று எழுதி வைக்கவில்லையே என்று என்னிடம் முணுமுணுத்தார். அக்கா அந்தக் கடிதத்தைப் படிக்கவே இல்லை. துணி வெட்டுகிற மேஜையின் கால் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு நாலாக மடித்து அடியில் கொடுத்துவிட்டாள்.

அந்த வருஷமும் அக்கா சாப்பாடு கட்டிக்கொண்டு மாமாவோடு வந்தாள். வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அவள் தைத்துக் கொடுத்த யூனிஃபார்மைப் போட்டிருந்த காவலர்தான் சொன்னார். முக்கால் மணி நேரம் நின்று உள்ளே போனால், முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரிந்தது. தூக்கிப் பிடித்த போன்களின் திரையில் கொஞ்சம் மஞ்சள் தெரிந்ததாம். திரும்பி வந்து என் ஜீப்பில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, எனக்குப் பாதி கொடுத்துச் சாப்பிட்டாள். இனிமேல் நான் வரவில்லை என்று மட்டும் சொன்னாள்.

ஐந்தாவது போர்டு, 'ஈரமணலில் கால் வைக்காதீர்கள்'. அதன் பக்கத்தில் நின்று, மணலில் ஒரு காலை வைத்தபடி படம் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மணல் மிதிபட்டு மிதிபட்டு வீட்டுத் தரை மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. ரேஞ்சரும் அதைக் கவனித்தார். ஈரத்தில் ஜனங்கள் வழுக்கி விழுகிறார்கள் என்று கவலைப்பட்டார். நாலாம் வருஷம், மழைக்கு முன்னால் ஆள்விட்டு, ஓடை வளைவு முழுக்க சிமெண்ட் பலகை பதித்துக் கைப்பிடிக் கம்பியும் போட்டுவிட்டார். பூச்சி உட்காருகிற மணல் மேலேயே பலகை. பார்க்க வருகிறவர்கள் வசதியாக நிற்க வேண்டுமே.

மாமா அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக மனு எழுதினார். நான் டைப் அடித்துத் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து மூன்று நாள் எழுதினார். சின்ன எழுத்து அவருக்கு வராது. ஒரு பக்கத்துக்கு மூன்று வரிதான் பிடித்தது. இந்தப் பலகையை எடுத்துவிட்டு மணலை விட்டுவிடுங்கள் என்ற ஒரு விஷயம் பதினோரு பக்கம் ஆயிற்று. ரேஞ்சர் புரட்டிப் பார்த்து அசந்துபோய், எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். எழுத்து என்றால் இதல்லவா எழுத்து என்றாராம். முதல் பக்கத்தை ஆபீஸ் சுவரில் ஒட்டி வைத்தார்கள். மற்ற பத்துப் பக்கம் கிணற்றில் போட்ட கல்.

அந்தப் பருவத்தில் வந்தவை சில நூறு இருக்கும். சிமெண்ட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. பலகைகளுக்கு நடுவில் விரல் அகலத்துக்கு விட்டிருந்த இடுக்கில் சிலது வரிசையாக உட்கார்ந்தன. அப்போது பூச்சி ஆராய்ச்சி செய்கிற அம்மாள் ஒருவர் வந்திருந்தார். ஒரு முழுநாள் மண்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். மாமா அவர் பின்னாலேயே நிழல் மாதிரி நின்றார். அவை சும்மா தண்ணீர் குடிக்கவில்லை, மணலில் ஊறியிருக்கிற உப்பை எடுக்கின்றன, இங்கே வருவதெல்லாம் அநேகமாக ஆண் பூச்சி, எடுத்ததைக் கொண்டுபோய் பெண்ணுக்குக் கொடுக்கும், அந்தச் சத்து முட்டைக்குப் போகும் என்று அந்த அம்மாள் விளக்கினார். மாமா பதினேழு வருஷமாகப் பார்த்த காட்சிக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது. அது தெரிந்ததால் வேதனை கூடியதே தவிர குறையவில்லை.

திரும்ப வருமா என்று கேட்டார்.

"இந்தப் பலகையெல்லாம் எடுத்துட்டு, ஒரு மூணு வருஷம் இந்தப் பக்கம் யாருமே வராம இருந்தா, வரலாம். உறுதியா சொல்ல முடியாதுங்க."

அதை அந்த அம்மாள் ரேஞ்சரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ரேஞ்சர் படித்தார், வருத்தப்பட்டார். ஆனால் பஸ்கள் வந்துவிட்டன, முனையில் நாலு டீக்கடை முளைத்துவிட்டது, திறப்பு விழாவுக்கு மேலதிகாரி வந்து ரிப்பன் வெட்டிவிட்டுப் போய்விட்டார். நான் என்ன பண்ணட்டும் நீங்களே சொல்லுங்கள் என்று மாமாவைப் பார்த்துக் கையை விரித்தார். என் ஜீப்புக்கு வெளியே ஒன்பது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் வருஷம் ஏழு வந்தன. மூன்று வாரமும் தினம் போய் உட்கார்ந்திருந்த மாமா சொன்ன கணக்கு இது. ஏழும் நீலப்பட்டை. இந்த வருஷம் ஒன்றுகூட வரவில்லை. மழை நன்றாகத்தான் பெய்தது, வெயிலும் நேரத்துக்கு வந்தது. காலையில் போய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மத்தியானம் நான் நடை முடித்துக் கிளம்பும்போது அதே இடத்தில் நிற்பார். வாங்க மாமா என்றால் வந்து ஏறிக்கொள்வார். ஒருநாள் வண்டியில் திடீரென்று, நாலாவதை மட்டும் எழுதாமல் இருந்திருக்கலாம் என்றார். நான் கியரை மாற்றுகிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பூச்சி நின்றாலும் கூட்டம் நிற்கவில்லை. சுவரொட்டியைப் பார்த்துவிட்டு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். சிமெண்ட் பலகையில் வரிசையாக நின்று, வெறும் ஓடையைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள். ஒன்றும் கிளம்பவில்லை என்றால் இன்னும் பலமாகத் தட்டுகிறார்கள். அப்புறம் எங்களிடம் சண்டைக்கு வருகிறார்கள். இவ்வளவு தூரம் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ரேஞ்சர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். பத்தடி அகலத்துக்கு ஒரு பலகை. அதில் பெரிய பட்டாம்பூச்சி இறக்கை இரண்டு. நடுவில் ஆள் நிற்க இடம். நின்று படம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போகட்டும். கீழே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள், என்ன எழுதுவது என்பது உங்கள் இஷ்டம் என்று மாமாவிடம் சொன்னார். முப்பத்தோரு வருஷ வேலையில் அவர் இஷ்டத்துக்கு எழுதச் சொல்லி ஆபீஸ் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாட்டேன் என்று சொல்வார் என்று நான் நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் அளவு கேட்டார், எத்தனை நிறம் கொடுப்பீர்கள் என்று கேட்டார், பலகையை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். வாசல் வழியாக நுழையவில்லை. மிஷினை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, பலகையைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே கொண்டுபோனோம். பன்னிரண்டு நாள் வரைந்தார். ஒப்புக்கு வரைய அவருக்கு வராது, அதுதான் கொடுமை. நீலப்பட்டைக்கு எனாமல் நீலம் சரிப்படவில்லை என்று அதில் பச்சையைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தார். ஓரத்தில் இருக்கிற வெள்ளைப் புள்ளிகள் எத்தனை என்று கண்ணை மூடி எண்ணிப் போட்டார். அக்கா பன்னிரண்டு நாளும் வாசலில் மிஷினைப் போட்டுத் தைத்தாள். உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் நான் நாலு ஆளோடு போய்ப் பலகையை வண்டியில் கட்டினேன். மாமா பின்னால் ஏறிப் பிடித்துக்கொண்டார். வண்டியைக் கிளப்பும்போது அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறினாள். மூன்று வருஷமாக வராதவள்.

சிமெண்ட் பலகைகளின் கோடியில் ஓடையைப் பார்த்தபடி அதை நிறுத்தி போல்ட் முடுக்கினோம். ஆட்கள் போய்விட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் எதிரில் நின்றோம். வெயில் நேராக விழுந்து அந்த நீலம் நிஜமாகவே பளபளத்தது. மாமா துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் ஒன்றும் இல்லை.

"எப்படி இருக்கு?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்படியே இருக்குங்க," என்றாள். "அதான் பாக்க முடியல." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "கீழ ஏன் ஒண்ணும் எழுதல?" என்று கேட்டாள்.

"எழுதினவரைக்கும் போதும்," என்றார் மாமா.

எனக்கு வாயில் ஒரு கிண்டல்கூட வரவில்லை. அவர் தோளில் கை வைக்கலாமா என்று நினைத்தேன். அப்படி வைத்துப் பழக்கமில்லாததால் சும்மா நின்றேன்.

பின்னால் பேச்சுக்குரல் கேட்டது. பஸ்ஸில் வந்த ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள். அந்த அம்மாள் போனைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டாள்.

"கொஞ்சம் நகந்துக்கிறீங்களா? நாங்க போட்டோ எடுத்துக்கணும்."

மாமா உடனே நகர்ந்துவிட்டார். நாங்களும் நகர்ந்தோம்.